பெண் பச்சோந்தி முட்டை சுமக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பெரும்பாலும் பேசப்போவது ஏமன் பச்சோந்தியைப் பற்றி. வெய்ல்ட் கமீலியன் என்று கடைகளில் விற்பது இதுதான். ஏமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியும் இதன் சொந்த ஊர். அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகளில் வீட்டில் வளர்க்கப்படும் பச்சோந்திகளில் இதற்குத்தான் முதலிடம். முட்டை விஷயத்தில் உரிமையாளர்களை அதிகம் தவிக்க விடுவதும் இதுதான். மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தி, கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜாக்சன் பச்சோந்தி பற்றித் தேவையான இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆண் துணையே கிடையாது, தனியாகத்தான் வளர்க்கிறேன். அப்புறம் எப்படி முட்டை வரும்?

வரும். சேவல் இல்லாத வீட்டிலும் கோழி முட்டையிடுகிறதல்லவா, அதே கதைதான். பருவத்துக்கு வந்த ஏமன் பெண்ணுக்குத் தீனியும் சூடும் தாராளமாகக் கிடைத்தால், துணை இல்லாமலே வயிறு நிறைய முட்டை கட்டிவிடும்.

கூமுட்டைதானே என்று இதை அலட்சியமாக விட முடியாது. கருவுள்ள முட்டையானாலும் இல்லாவிட்டாலும் தாயின் உடம்புக்கு வேலை ஒன்றுதான். ஓடு கட்டக் கால்சியம் வேண்டும், தோண்ட மண் வேண்டும், வெளியே தள்ளத் தெம்பு வேண்டும். “ஆண் இல்லை, அதனால் முட்டை இருக்காது” என்று நினைத்து நாள் கடத்திவிட்டு, பச்சோந்தி கிளையிலிருந்து விழும் நிலையில் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் நிறையப் பேர்.

என்னுடையது பெண்தானா என்றே தெரியவில்லை. எப்படிப் பார்ப்பது?

பின்னங்காலைப் பாருங்கள். ஏமன் ஆணுக்கு முட்டையிலிருந்து வெளிவரும்போதே குதிகாலில் சிறு முள் போன்ற புடைப்பு இருக்கும். அது இல்லையென்றால் பெண். தலைக்கொண்டையும் பெண்ணுக்குச் சிறியது, ஆனால் குட்டியில் அதை வைத்து முடிவுசெய்ய முடியாது. பேந்தர் பச்சோந்திக்கு இந்தக் குதிமுள் கிடையாது. அதில் ஆண் வளர்ந்ததும் வாலின் அடிப்பகுதி தடித்துத் தெரியும்.

எந்த வயதில் முட்டையை எதிர்பார்க்கலாம்?

ஏமன் பெண் 4 முதல் 6 மாதத்திலேயே பருவமடைந்துவிடும். ஆகவே நாலு மாதம் ஆனதுமே முட்டையிடும் மணல் தொட்டியைக் கூண்டுக்குள் வைத்துவிடுவது என் கட்சி. அறிகுறி தெரிந்த பிறகு தொட்டி தேடி அலைவதைவிட, காலியாக ஒரு தொட்டி கிடப்பது எவ்வளவோ மேல். ஆணோடு சேர்ப்பது மட்டும் ஒரு வயது ஆன பிறகுதான்.

நிறத்தை வைத்தே சொல்லிவிடலாமாமே?

ஓரளவுக்கு. துணைக்குத் தயாராக இருக்கும் ஏமன் பெண்ணின் பச்சை உடம்பில் இளநீலப் புள்ளிகள் தோன்றும். இணைந்தபின், அல்லது முட்டை கட்டியபின், உடம்பின் அடிநிறம் கரும்பச்சையாகி, சில சமயம் கறுப்புக்கே போய், அதன்மேல் மஞ்சளும் பளிச்சென்ற நீலமும் திட்டுத் திட்டாக எழும்பும். ஆணைக் கண்டால் இந்தக் கோலம் உச்சத்துக்குப் போகும்: வாயைத் திறந்து சீறும், உடம்பை ஆட்டும், நெருங்கினால் கடிக்கும். “எனக்கு வேண்டாம், போ” என்பதுதான் அதன் பொருள். பேந்தர் பெண் சாதாரணமாக வெளிர் செம்மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். முட்டை சுமக்கும்போது கரும்பழுப்பு அல்லது கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் பட்டைகளோடு நிற்கும். இரண்டும் ஒரே விலங்குதானா என்று சந்தேகம் வருமளவுக்கு மாற்றம் தெரியும்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். குளிர்ந்திருந்தாலும் கறுக்கும், பயந்தாலும் கறுக்கும், நோய் வந்தாலும் கறுக்கும். காலையில் விளக்குக்குக் கீழே வெயில் காய்வதற்காகக் கறுத்து நிற்பது தினமும் நடப்பது. இன்னொரு பக்கம், தனியாக வளரும் பெண் முட்டையோடு இருந்தும் சாந்தமாக வெறும் பச்சையில் உட்கார்ந்திருக்கலாம். சீறிக்காட்ட எதிரில் ஆள் இல்லையே.

உடம்பில் என்ன மாற்றம் தெரியும்?

முதல் வாரங்களில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அப்புறம் வயிற்றின் கீழ்ப்பாதி, பின்னங்கால்களுக்கு முன்னால் உள்ள பகுதி, கனத்துத் தொங்க ஆரம்பிக்கும். கடைசி நாட்களில் விலாவின் கீழ்ப்புறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் தோலைத் தள்ளிக்கொண்டு நிற்பது சில பெண்களிடம் கண்ணுக்கே தெரியும். சிலரிடம் தெரியாது. தெரியவில்லை என்பதால் முட்டை இல்லை என்று ஆகிவிடாது.

கண்ணைவிட நம்பகமானது தராசு. சமையலறையில் வைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். வாரம் ஒரு தடவை, ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். தீனியைக் கூட்டாமலே எடை வாராவாரம் ஏறிக்கொண்டு போனால், அதுவும் வளர்ந்து முடித்த பெண்ணிடம், முட்டையைச் சந்தேகிக்கலாம். மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்கக்கூடியதும் இந்தக் குறிப்பைத்தான்.

சரி, எந்த அறிகுறியைத்தான் நம்புவது?

நடத்தையை. பச்சோந்தி மரத்தில் வாழ்கிற உயிர். காரணமில்லாமல் தரைக்கு வராது. உயரமான கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்த பெண் திடீரென்று கூண்டைச் சுற்றிச்சுற்றி வருகிறது, வலையில் ஏறி இறங்குகிறது, தரையில் நடக்கிறது, செடித்தொட்டியின் மண்ணைப் பிறாண்டுகிறது, மூலையைச் சுரண்டுகிறது என்றால், இடம் தேடுகிறது என்று அர்த்தம். கூடவே பசி குறையும். நேற்றுவரை கிரிக்கெட் பூச்சிக்கு நாக்கை நீட்டியது இன்று கண்டும் காணாததுபோல் திரும்பிக்கொள்ளும். தண்ணீர் மட்டும் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கலாம்.

தரையில் நடமாட்டமும் பசிக்குறைவும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் முட்டையிட இன்னும் சில நாள்தான். இந்த நேரத்தில் நிறம் என்ன சொல்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். மணல் தொட்டி உள்ளே இல்லையென்றால் அன்றைக்கே வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: தரையில் நடப்பதும் தரையிலேயே படுத்துக் கிடப்பதும் ஒன்றல்ல. முன்னது தேடல், பின்னது நோய்.

கொழுப்பா, முட்டையா, மலச்சிக்கலா?

கொழுத்த ஏமன் பச்சோந்திக்குத் தலையில் தெரியும். கண்ணுக்குப் பின்னால், கொண்டையின் இருபுறமும் சதை புடைத்துக்கொண்டிருக்கும். கால்கள் உடம்போடு சேரும் இடமும் தடித்திருக்கும். முட்டையென்றால் தலையும் கையும் காலும் பழையபடியே இருக்க, கீழ்வயிறு மட்டும் கனக்கும். மலச்சிக்கலில் எச்சமே வெளியே வராது, அல்லது முக்கி முக்கிக் கொஞ்சமாக வரும். கழுத்தைச் சுற்றி நீர் கோத்ததுபோல் வீங்கினால் அது முட்டையின் அறிகுறி அல்ல, அதற்கும் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

இவை ஒன்றோடொன்று சேர்ந்தும் வரும் என்பதுதான் சிக்கல். நன்றாகத் தின்று கொழுத்த பெண்தான் முட்டையும் அதிகமாகக் கட்டும்.

வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். பழகிய கை மென்மையாகத் தடவி உருண்டைகளைக் கண்டுபிடித்துவிடும் என்பது உண்மைதான். பழகாத கை கொஞ்சம் அழுத்தினாலும் உள்ளே முட்டை உடையலாம். பிடித்துத் தூக்குவதே பச்சோந்திக்குப் பெரிய மிரட்டல்.

மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடுமா?

ஓடு கட்டிய முட்டைகள் எக்ஸ்ரேயில் வட்ட வட்டமாகத் தெரியும். ஓடு கட்டுவதற்கு முந்தைய நிலை, அதாவது சினைப்பையிலேயே நிற்கும் கருமணிகள், அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில்தான் நன்றாகத் தெரியும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் சிகிச்சை வேறு வேறு. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவராக இருக்க வேண்டும். நாய், பூனை மட்டும் பார்க்கும் எல்லா மருத்துவமனையிலும் இது முடியாது. அவசரம் வருவதற்கு முன்பே விசாரித்து எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் சுமக்கும்? எத்தனை முட்டை?

ஏமன் பெண் இணைந்த நாளிலிருந்து ஏறக்குறைய 20 முதல் 30 நாளில் முட்டையிடும். பேந்தருக்கு 3 முதல் 6 வாரம் ஆகும். ஆணே இல்லாத பெண்ணுக்கு எண்ணத் தொடங்கும் நாள் எது என்றே தெரியாது என்பதால் நாட்காட்டி உதவாது, நடத்தைதான் வழிகாட்டி. எண்ணிக்கையில் ஏமன் மிஞ்சிப்போகிற ரகம்: ஒரு ஈட்டில், அதாவது ஒரு தடவை இடுவதில், 20 முதல் 70 வரை சாதாரணம், அதற்கு மேலும் போவதுண்டு. பேந்தர் பெரும்பாலும் 10 முதல் 40.

முட்டையிடும் தொட்டி எப்படி இருக்க வேண்டும்?

பெண் முழுதாக உள்ளே இறங்கித் திரும்பும் அளவுக்கு. நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஓரடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் தவறுவது ஆழத்தில்தான். நாலு விரல் மணல் போட்ட சாப்பாட்டு டப்பா போதாது. கால்வாசி தோண்டியதும் நகம் பிளாஸ்டிக்கில் இடித்தால், இந்த இடம் சரியில்லை என்று விட்டுவிட்டு மறுபடி தேடக் கிளம்பிவிடும். முட்டையை அடக்கிக்கொண்டு தேடுகிற ஒவ்வொரு நாளும் ஆபத்து கூடுகிறது.

உள்ளே போட, குழந்தைகள் விளையாடுவதற்கென்று விற்கும் கழுவிய மணல் நல்லது. தனி மணலாகவும் போடலாம், உரம் கலக்காத தோட்டமண்ணோடு சேர்த்தும் போடலாம். ஈரப்பதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், அழுத்தினால் தண்ணீர் சொட்டக் கூடாது. நீங்களே விரலால் ஒரு சுரங்கம் குடைந்து பாருங்கள். அது சரியாமல் நின்றால் அவளுக்கும் நிற்கும். காய்ந்த மணல் உள்ளேயே இடிந்து விழும், சேறு போல ஊறிய மணலை அவள் தொட மாட்டாள். கூழாங்கல், மரப்பட்டைத் துண்டு எதுவும் வேண்டாம்.

ஒரு கிளையைத் தொட்டிக்குள் சாய்த்து வைத்தால் இறங்கவும் ஏறவும் வசதி. கூண்டு சிறியதாக இருந்து தொட்டி கொள்ளாவிட்டால், ஓரடி மணல் போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளியில் தனியாக விடுவார்கள். அது ஆபத்துக்கு உதவும், ஆனால் இடம் மாறுவதே ஒரு பயம். தன் கூண்டுக்குள் இருக்கும் தொட்டிக்குத்தான் நான் வாக்களிப்பேன்.

தோண்ட ஆரம்பித்துவிட்டாள்! பார்த்துக்கொண்டே இருக்கலாமா?

கூடாது. ஆசையாகத்தான் இருக்கும், படம் எடுக்கவும் கை பரபரக்கும். ஆனால் யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பாதிக் குழியிலேயே விட்டுவிட்டு மேலே ஏறிவிடுவாள். காட்டில் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் பச்சோந்தியைப் போல எளிதான இரை வேறில்லை, அந்தப் பயம் கூண்டிலும் போகாது. தொட்டி இருக்கும் பக்கத்தைத் துணியால் மறைத்துவிடுங்கள். பூனை, நாய், குழந்தைகள் அந்த அறைக்கு வரவேண்டாம். நிலைமை தெரிந்தே ஆக வேண்டுமென்றால் தூரத்தில் ஒரு சின்னக் கேமராவை வைத்துவிட்டுப் பக்கத்து அறையிலிருந்து பாருங்கள்.

தோண்டி, திரும்பி உட்கார்ந்து, முட்டையிட்டு, மண்ணை மூடி மட்டமாக்கி முடிக்க ஒரு நாள் முழுக்க ஆகலாம், இரண்டாம் நாளும் தொடரலாம். இரவில் சுரங்கத்துக்குள்ளேயே தூங்கிவிட்டால் பதற வேண்டாம். விளக்குகளை வழக்கமான நேரத்தில் அணைத்துவிடுங்கள். வெளியே இழுக்காதீர்கள்.

இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் தோண்டுகிறாள், முட்டை இல்லை. ஏன்?

ஒன்றிரண்டு சோதனைக் குழிகள் சகஜம். இரண்டு மூன்று நாளாகியும் இதே கதையென்றால் தொட்டியில் குறை இருக்கிறது என்று முதலில் நினையுங்கள்: ஆழம், ஈரம், மறைப்பு, பக்கத்தில் நடமாட்டம். அதையெல்லாம் சரிசெய்தும் முட்டை வரவில்லை, அல்லது தோண்டுவதை விட்டுவிட்டுச் சோர்ந்து உட்கார்ந்துவிட்டாள் என்றால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

முட்டை அடைப்பு என்று எப்போது பயப்பட வேண்டும்?

பறவை வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த அதே முட்டை அடைப்புதான். முட்டை தயாராகிவிட்டது, வெளியே வரவில்லை. பச்சோந்தியிடம் இது மெதுவாகத் தொடங்கி வேகமாக முடிகிற விஷயம்.

பகலில் கண்ணை மூடிக்கொண்டிருப்பது முதல் மணி. விளக்கு எரியும் நேரத்தில் பச்சோந்தி தூங்கவே கூடாது. ஒரு கண்ணை மூடியிருந்தாலும் கவனிக்க வேண்டும். கண்கள் குழிவிழுவது, கிளையைப் பிடிக்கும் பிடி தளர்வது, கால்கள் நடுங்குவது, கூண்டின் அடியிலேயே படுத்துக் கிடப்பது, முக்கியும் ஒன்றும் வராமல் இருப்பது, நாக்கை நீட்ட முடியாமல் போவது இவையெல்லாம் அன்றைக்கே மருத்துவரிடம் போகச் சொல்கிற அறிகுறிகள். ஒன்றிரண்டு முட்டைகளைக் கிளையில் இருந்தபடியே உதிர்த்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டிருப்பதும் அப்படித்தான். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம்.

காரணங்களில் பெரியது கால்சியம் குறைவு. கருப்பைக் குழாயின் தசை சுருங்கித்தான் முட்டை நகர்கிறது, அந்தத் தசைக்குக் கால்சியம் வேண்டும். யூவிபி விளக்கு (உடம்பு கால்சியத்தை எடுத்துக்கொள்ள உதவும் புற ஊதாக் கதிர் விளக்கு) இல்லாமலோ பழசாகிப்போன விளக்கோடோ வளர்ந்த பெண்ணுக்கு எலும்பே மெலிந்திருக்கும்போது முட்டைக்கு எங்கிருந்து வரும்? மற்றக் காரணங்கள் நீர் வறட்சி, சரியான தொட்டி இல்லாமை, உருக்குலைந்த முட்டை, இடுப்பெலும்பு வளைந்திருப்பது, மிக இளம் வயது.

மருத்துவர் முதலில் நீரும் கால்சியமும் ஏற்றுவார். பாதையில் அடைப்பு இல்லை என்று உறுதியானால் தசையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசி போட்டுப் பார்ப்பதுண்டு. பல்லி இனங்களில் அது எப்போதும் பலிப்பதில்லை. பலிக்காவிட்டால் அறுவை சிகிச்சை. முட்டை சினைப்பை நிலையிலேயே தேங்கியிருந்தால் ஊசியால் பயனில்லை, சினைப்பையை எடுப்பதுதான் வழி. வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைப்பது, வயிற்றை நீவி விடுவது போன்ற கைவைத்தியங்களைப் பச்சோந்தியிடம் காட்டாதீர்கள். தண்ணீரில் அமுக்கினால் அது பயத்தில் இன்னும் நொடிந்துபோகும்.

முட்டை சுமக்கும்போது தீனி?

தினமும் பூச்சிகள் மேல் வைட்டமின் டி3 கலக்காத கால்சியம் பொடியை லேசாகத் தூவிக் கொடுங்கள். டி3 கலந்ததும் வைட்டமின் பொடியும் மாதத்துக்கு இரண்டு தடவை போதும், அளவு மீறினால் அதுவும் கெடுதல். கிரிக்கெட், கரப்பான், பட்டுப்புழு என்று மாற்றிக் கொடுத்தால் நல்லது. பூச்சிகளுக்கு முதல்நாளே கீரை, காய்கறி தின்னக் கொடுத்திருக்க வேண்டும். இலைகளில் தண்ணீர் தெளிக்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டுங்கள். கடைசி நாட்களில் தின்ன மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

முட்டையிட்டு முடித்துவிட்டாள் என்று எப்படித் தெரியும்?

பார்த்ததும் தெரியும். விலா ஒட்டி, தோல் தொங்கி, ஒரே நாளில் பாதியாகிவிட்டதுபோல் இருப்பாள். உடம்பெல்லாம் மணல். மேலே ஏறிவந்து வெயில் காய்வாள், தாகமாகக் குடிப்பாள். தண்ணீர் முதலில், பிறகு கால்சியம் தூவிய பூச்சிகள். ஒரு வாரம் நன்றாகக் கொடுத்துவிட்டுப் பழைய அளவுக்குத் திரும்புங்கள்.

எத்தனை முட்டை என்று எண்ணிவிடுங்கள். எடையும் பாருங்கள். வயிறு ஒட்டாமல் இன்னும் புடைத்தே இருந்தால் மிச்சம் உள்ளே இருக்கலாம்.

இட்ட முட்டைகளைப் பொரிக்க வைக்கலாமா?

ஆண் பக்கத்திலேயே வந்ததில்லை என்றால் எடுத்து எறிந்துவிடலாம். ஆனால் கடையிலிருந்து வளர்ந்த பெண்ணாக வாங்கியிருந்தால் யோசியுங்கள்: பெண் பச்சோந்தி ஆணின் விந்தை உடலில் சேமித்து வைத்து, ஒரே இணைவிலிருந்து பல ஈடு கருவுள்ள முட்டைகளை இட முடியும். பொரிக்க வைப்பதானால் முட்டையைப் புரட்டாமல், கிடந்த நிலையிலேயே எடுக்க வேண்டும். ஏமன் முட்டை பொரிய 6 முதல் 9 மாதம். ஐம்பது குட்டிகளுக்குத் தினமும் தீனி போட உங்களுக்குத் தெம்பிருக்கிறதா என்பதை அதற்குள் முடிவுசெய்துகொள்ளலாம்.

முட்டையே கட்டாமல் தடுக்க முடியுமா?

முற்றாகத் தடுப்பதற்கு உத்தரவாதம் இல்லை, குறைக்க முடியும். வளர்ந்த பெண்ணுக்குத் தினமும் வயிறு முட்டத் தீனி வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று நான்கு பூச்சி போதும். வெயில் காயும் இடத்தின் சூட்டை 27 டிகிரி செல்சியஸ் அளவில் நிறுத்துங்கள். ஊட்டமும் சூடும் குறைந்தால் ஈடும் சிறுத்துப்போகும், சில பெண்கள் முட்டையிடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். வளரும் குட்டிக்கு இந்தப் பத்தியம் பொருந்தாது.

இட்டு முடித்த மூன்று நான்கு மாதத்திலேயே அடுத்த ஈடு வரலாம் என்பதால் தொட்டியை எடுத்து மாடியில் போட்டுவிடாதீர்கள்.

ஜாக்சன் பச்சோந்திக்கும் இதேதானா?

இல்லை. அது முட்டையிடாது, குட்டி போடும். ஐந்து முதல் ஒன்பது மாதம் சுமந்து, 8 முதல் 30 குட்டிகள் வரை ஈனும். மணல் தொட்டி தேவையில்லை. அதன் வயிறு மாதக்கணக்கில் பெருத்துக்கொண்டே போவதைப் பார்த்து அடைப்பு என்று பயப்பட வேண்டாம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பச்சோந்தி தரையில் குழி தோண்டிக்கொண்டிருக்கிறது. பிடித்து வந்து தொட்டியில் விடலாமா?

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருக்கிறீர்கள் என்றால் அது நம் நாட்டுப் பச்சோந்தியாக இருக்கும். ஓணானாகவும் இருக்கலாம், இரண்டும் மண்ணில்தான் முட்டையிடும். எதுவானாலும் பிடிக்காதீர்கள். நாட்டுப் பச்சோந்தி இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, வீட்டில் வைத்திருப்பது குற்றம். நாயையும் கோழிகளையும் அந்தப் பக்கம் விடாமல், அது மூடிவிட்டுப் போகும்வரை தள்ளி நில்லுங்கள். அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்துவிட்டால், அடுத்த சில மாதங்களுக்கு யாரும் மண்வெட்டி போட மாட்டார்கள்.